அந்தப் பாட்டில் விஷயம்



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போட்டிருந்தேன். தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு வீட்டு முற்றம். நான், என் பழைய மாணவன் ஒருவன், அவனுடைய அப்பா. நடுவில் முக்காலியில் ஒரு பாட்டில். படத்தில் மூன்று மனிதர்கள் இருந்தும் எல்லோர் கண்ணும் நான்காவது ஆள் மேல்தான் போயிருக்கிறது. "சார், நீங்களுமா?" என்று கேட்டவர்கள் பலர். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை போனில் அழாத குறை. "அண்ணே, அறுபத்தஞ்சு வயசுக்கு மேல உனக்கு என்ன வந்தது?" என்றாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது. அதனால் முழுக்கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

அது ஒயின்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் 'ஒயின்ஷாப்' என்று சொல்கிறோமே, அங்கே விற்கிற சரக்கு அல்ல. அந்தக் கடையில் பிராந்தி, ரம், பீர் என்று எல்லாம் உண்டு, ஒயினைத்தான் தேடவேண்டும் என்கிறார்கள். இது திராட்சையிலிருந்து செய்த சிவப்பு ஒயின். வந்தது பிரான்ஸ் தேசத்திலிருந்து. பிரான்ஸ் என்றாலும் பாரிஸ் பக்கம் அல்ல. நம் இந்துமகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குப் பக்கத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு இருக்கிறது. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம் அது. அந்தத் தீவின் நடுவில், மலைக்குள் குழிந்த சிலாவோஸ் என்ற ஊரில் விளைந்த திராட்சை.

அந்த ஊரைப் பற்றிச் சொல்வதற்கு முன் 1989ஆம் வருடத்துக்குப் போகவேண்டும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம். ஆழ்வார்திருநகரியிலிருந்து சைக்கிளில் தினமும் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போவேன். செம்மண் கண்ணில் விழும், பனை ஓலைச் சத்தம் காதில் விழும். பிள்ளைகளில் பாதிக்கு மேல் பனையேறிகள் வீட்டுப் பிள்ளைகள். மாசி பிறந்தால் வகுப்பு காலியாகிவிடும். குடும்பத்தோடு விடிலி போட்டுத் தங்கி, பதனீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சுவார்கள். ஆடி வாக்கில்தான் பிள்ளைகள் திரும்பி வரும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள், 'நாம் செய்யும் தொழில்கள்' என்று ஏதோ ஒரு பாடம். ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். இவன் முறை வந்தது. எழுந்து, "பனையேறுதாரு சார். பயினியும் இறக்குவாரு, கள்ளும் இறக்குவாரு" என்றான். ஒளிவு மறைவில்லாமல், பெருமையாகவே சொன்னான்.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள் இறக்கத் தடை. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, சட்டம் என்றால் சட்டம். தவிரவும் என் பெரியப்பா ஒருவர் பிராந்தியால் செத்துப்போயிருந்தார். குடி என்று காதில் விழுந்தாலே எனக்கு ஆகாது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவனிடம் சொன்னேன்: "உங்க அப்பா பாக்கிறது தொழில் இல்லடே, திருட்டு."

வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். பாடம் தொடர்ந்தது.

அந்த வாரமே அவன் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கலயங்களை உடைத்தார்கள் என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதிலை நாற்பது பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். அது எந்த வீட்டுக்குப் போய், எந்த வாய் வழியாக எங்கே சேர்ந்ததோ. மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் நானே கிளம்பிப் போனேன். அபராதம் கட்டி வெளியே வந்திருந்தார் அவன் அப்பா. மரத்தில் இருந்தார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. இறங்கி வந்து, இடுப்பில் இருந்த அரிவாள்பெட்டியைக் கழற்றிவிட்டு, "வாங்க வாத்தியாரையா" என்றார். நான் பேச வந்ததையெல்லாம் மறந்து நின்றேன். பட்டை பிடித்து, அதில் பதனீரை ஊற்றி என்னிடம் நீட்டினார். "குடிங்கய்யா. சுண்ணாம்பு போட்டதுதான்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் வருவது பதனீர். தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், விடியும்போது உள்ளே இருப்பது கள். காற்றில் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடும். சுண்ணாம்பு அதைத் தடுக்கும். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். சட்டமும் அந்த ஒரு விரலில்தான் நிற்கிறது.

"சுண்ணாம்பு போட்டதுதான்" என்று அவர் சொன்னது குத்தலா, சாதாரணமாகச் சொன்னதா என்று முப்பத்தைந்து வருடம் யோசித்திருக்கிறேன். நான் குடித்தேன். "பயலை நாளைக்கு அனுப்புதேன்" என்றார். அனுப்பினார்.

பையன் பத்தாவது வரை படித்தான். பிறகு ஒரு ஸ்தபதியிடம் சேர்ந்து சுதை வேலை கற்றான். கோபுரத்துப் பொம்மைகள் செய்வதில் நல்ல கை. கோயில் வேலையாகவே ரீயூனியன் தீவுக்குப் போனான். அவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான், ஐம்பதை நெருங்கிவிட்டான்.

அந்தத் தீவில் கோபுரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அங்கே 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை ஆனார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம் ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். 1860க்குப் பிறகு பிரிட்டிஷாரும் தங்கள் பகுதியிலிருந்து ஆள் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். அங்கே பட்ட கொடுமைகள் வெளியே தெரிந்து 1882இல் ஆங்கில அரசே அதை நிறுத்தியது. போனவர்களின் சந்ததிதான் இன்று அங்கே 'மலபார்' என்று அழைக்கப்படுகிறவர்கள். போனது பெரும்பாலும் தமிழர்கள், பெயர் மட்டும் மலபார். ராமசாமி என்ற பெயரெல்லாம் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயராக நிற்கிறது. தமிழ் பேச்சு அநேகமாகப் போய்விட்டது. தீமிதி போகவில்லை, காவடி போகவில்லை. கோயிலுக்கு வர்ணம் பூசவும் கும்பாபிஷேகம் பண்ணவும் இங்கிருந்து ஆட்கள் போகிறார்கள். அப்படிப் போனவன்தான் இவன். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான்.

இத்தனை வருடத்தில் எப்போதாவது ஒரு போன். நெருக்கம் வந்தது வெள்ளத்தால். 2023 டிசம்பர் 17, 18 உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் போனுக்கு உயிர் வந்ததும் முதலில் வந்த குரல் இவனுடையது. "சார், எங்க அப்பாவை யாரும் பாத்தீங்களா?" தேரி மேடு, அதனால் அவர் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே ஆள் அனுப்பிப் பார்த்துச் சொன்னேன்.

சரியாக ஒரு மாதம். 2024 பொங்கல் அன்று வாழ்த்துச் சொல்லலாம் என்று நான் போன் போட்டால் எடுக்கவில்லை. அன்றுதான் பெலால் புயல் ரீயூனியனைத் தாக்கியிருக்கிறது. மறுநாள் பேசினான். "உங்களுக்கு வந்த மழையெல்லாம் எங்களுக்குச் சாரல் சார்" என்று சிரித்தான். பொய் இல்லை. அந்தத் தீவில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 182 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. உலக சாதனை. நம் வெள்ளத்தின் இரண்டு பங்கு.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அடிக்கடி படம் அனுப்ப ஆரம்பித்தான். ஒருநாள் வந்தது திராட்சைப் பந்தல் படம். கீழே எழுதியிருந்தான்: "சார், இதுவும் திருட்டுத் திராட்சைதான்."

எனக்குத் திக்கென்றது. மறக்கவில்லை பாருங்கள்.

இனி சிலாவோஸ். தீவின் நடுவே செத்துப்போன எரிமலை ஒன்று, 3,000 மீட்டருக்கு மேல் உயரம். அதைச் சுற்றி மலை இடிந்து மூன்று பெரிய குழிகள் ஆகியிருக்கின்றன. அவற்றில் ஒன்று சிலாவோஸ். ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலகாசி மொழியில் 'விட்டுப் போக மனம் வராத இடம்' என்று பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். பெயர் வைத்தது தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள். பிடிக்க வருபவனால் ஏறிவர முடியாத இடம் என்பதால் அங்கே ஒளிந்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த ஊருக்கு ஒரே சாலை, நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். நம் மாஞ்சோலை சாலையை நினைத்துக்கொள்ளுங்கள், அது இதற்குத் தம்பி.

அடிமைகளுக்குப் பின் 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்கள் ஏழை வெள்ளைக்காரர்கள். கடற்கரை நிலமெல்லாம் பெரிய கரும்பு முதலாளிகளிடம் இருந்தது. துண்டு நிலமும் இல்லாதவன் மலை ஏறினான். வெள்ளைக்காரனிலும் இல்லாதப்பட்டவன் உண்டு என்று பாடப் புத்தகத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் பருப்பு விதைத்தார்கள் (சிலாவோஸ் மைசூர்ப்பருப்பு இன்றும் பேர் பெற்றது), வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்த்தார்கள், வீட்டிலேயே ஒயின் செய்தார்கள். எஸ்டேட் என்று சொன்னால் நமக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் தோன்றும். இங்கே ஊர் முழுவதையும் சேர்த்தாலே சில பத்து ஏக்கர்தான் வரும். கொல்லைப்புறத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒன்று.

அவர்கள் வளர்த்த ரகத்தின் பெயர் இசபெல். பெண் பெயர்தான். அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் இசபெல்லா கிப்ஸ் என்ற அம்மையாரின் தோட்டத்தில் இருந்த கொடியை, வில்லியம் பிரின்ஸ் என்ற நாற்றங்கால்காரர் 1816 வாக்கில் அந்த அம்மாள் பெயரிலேயே பரப்பினார். அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் ரத்தம் அதில் உண்டு. அதனால் மழைக்கும் பூஞ்சைக்கும் தாங்கும். புயலடிக்கிற தீவுக்கு வேறெது சரிவரும்? நாமும் அதன் சொந்தக்காரனைத் தின்றிருக்கிறோம். பெங்களூரு நீலத் திராட்சை, கடித்தால் தோல் தனியாக வழுக்கி வருமே, அது இந்த வகைதான். வாசனை ஆளைத் தூக்கும். பிரெஞ்சு ஒயின் ரசிகர்களுக்கு அந்த வாசனையே பிடிக்காது. நரி வாசம் என்பார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு ஒரு வேர்ப்பூச்சியும் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. பிலாக்சரா என்று பெயர். தேசத்துத் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிவிட்டது. அப்போது ஏழை விவசாயிகளைக் காப்பாற்றியவை இசபெல் போன்ற அமெரிக்க ரகங்களும் கலப்பு ரகங்களும். நட்டால் போதும், மருந்து வேண்டாம், தானே காய்க்கும். பெரிய தோட்டக்காரர்கள் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டுத் தப்பித்தார்கள். ஐம்பது, அறுபது வருடம் கழிந்தது. 1930களில் ஒயின் தேவைக்கு மேல் குவிந்துவிட்டது. அல்ஜீரியாவிலிருந்து வேறு கப்பல் கப்பலாக வந்தது. விலை விழுந்தது. யார் உற்பத்தியைக் குறைப்பது? 1934 டிசம்பர் 24 அன்று சட்டம் போட்டார்கள். இசபெல், நோவா, ஒதெல்லோ, ழாக்கே, கிளிண்டன், எர்பெமோன் என்று ஆறு ரகங்களுக்குத் தடை. ஆறும் சின்ன விவசாயி வீட்டு ரகங்கள்.

விலைச் சரிவுக்குப் போட்ட தடைக்குப் பின்னால் ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. இந்தத் திராட்சை ஒயினைக் குடித்தால் பைத்தியம் பிடிக்கும், கண் போய்விடும் என்று. இதில் மெத்தனால் கொஞ்சம் கூடுதல் என்பது வாஸ்தவம். பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு இல்லை. ஐரோப்பிய விதிகளில் அந்த ஆறு பெயர்களும் ஒயினுக்கு ஆகாதவை என்று இன்றும் நிற்கின்றன. சிலாவோசில் என்ன நடந்தது? கிழவர்கள் வீட்டில் செய்துகொண்டேதான் இருந்தார்கள். வாசலில் விற்றார்கள். பாட்டிலில் லேபிள் இருக்காது. இவன் படம் அனுப்பிய பந்தல் அப்படி ஒரு பாட்டி வீட்டுப் பந்தல். அவள் இவனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தாளாம். "எங்க அம்மா அப்படியே பாப்பா சார், கலயத்தை மூடிக்கிட்டு" என்றான்.

1992இல் ஊர்க்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இசபெல்லை விட்டுவிட்டு, சட்டம் ஒப்புக்கொள்ளும் மால்பெக், பினோ நுவார், சிரா போன்ற சிவப்பு ரகங்களையும், ஷெனின் என்ற வெள்ளை ரகத்தையும் நட்டார்கள். 2004இல் சிலாவோஸ் ஒயினுக்கு ஊர்ப் பெயரிலேயே அரசு அங்கீகாரம் கிடைத்தது. நம் உடன்குடி கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது போல. அறுவடை அங்கே கோடைக்காலம், அதாவது நம் மார்கழி, தை. புயல் வருகிற மாதமும் அதுவே. பழம் முற்றுமா, புயல் முந்துமா என்று வருடா வருடம் போட்டி. மருந்தடிக்காமல் இசபெல் தாங்கும். புது ரகங்கள் தாங்காது, பார்த்துப் பார்த்து வளர்க்கவேண்டும். லேபிள் கிடைத்தது, வேலையும் கூடியது.

நான் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் தங்கை மறுபடி போன் போடுவாள். குடி நல்லது என்று நான் சொல்லவரவில்லை. என் மாணவர்களில் நாற்பது வயதுக்குள் போய்ச்சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ண இரண்டு கை போதாது. அவர்கள் வீட்டுப் பெண்கள் சந்தையில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதால். ஆனால் அவர்களைக் கொன்றது பனையில் இறங்கியதல்ல. ஆலையில் காய்ச்சி, அரசாங்கக் கடையில் 2003 முதல் அரசாங்கமே விற்பது. ஒன்று குற்றம், மற்றது வருமானம் என்று ஏன் ஆனது என்று 1989இல் எந்தப் பிள்ளையாவது எழுந்து கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. இப்போதும் இல்லை. கள்ளைத் திறந்துவிட்டால் கலப்படம் வரும், ஏழை வீட்டில் சோறு போகும் என்கிறவர்களின் பயத்தையும் தள்ளிவிட முடியவில்லை. அந்தத் தடையை வரவேற்ற தாய்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் படிக்க ஆரம்பித்ததும் நம் ஊரில் பிரெஞ்சுத் திராட்சை உண்டா என்று தேடினேன். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை இருக்கிறது, அதற்கும் 2023இல் புவிசார் குறியீடு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. பன்னீர் திராட்சையின் மூல ரகம் மஸ்கட் ஹாம்பர்க். அது இங்கிலாந்தில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் உருவாக்கியது. பிறப்பதற்குப் பதினெட்டு வருடம் முன்னாலேயே கப்பல் ஏறிய திராட்சை! பாதிரியார் வேறு ஏதாவது கொடியைக் கொண்டுவந்திருக்கலாம், பிறகு இது வந்திருக்கலாம். கணக்கும் சேர்த்து எடுத்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. போன ஆவணியில் சுருளி போனபோது கல்தூண் பந்தலுக்கு அடியில் நின்று ஒரு கொத்து வாங்கித் தின்றேன். பழத்துக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

சரி, பாட்டில். இந்த மாதம் லீவில் வந்தவன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தான். "இது திருட்டு இல்ல சார். லேபிள் இருக்கு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

"நான் அன்னைக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடே" என்றேன். முப்பத்தைந்து வருடம் எடுத்துக்கொண்ட ஒரு வாக்கியம்.

"நீங்க சொன்னது பத்தி இல்ல சார்" என்றான். "போலீஸ்ல சொன்னது நீங்கதான்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். அதனாலதான் வரல."

"நான் சொல்லலடே."

"சரி சார்."

அந்த 'சரி சார்' நம்பியதா, மரியாதைக்கா என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பிலும் அப்படித்தான் சொல்வான். வீட்டுப்பாடம் எழுதினாலும் 'சரி சார்', எழுதாவிட்டாலும் 'சரி சார்'.

அதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டாள். பெருமாளுக்கு அமுது வைக்கிற வீட்டில் இது இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். ஆட்டோ பிடித்து அவன் அப்பா வீட்டுக்கே போனோம்.

பெரியவருக்கு எண்பது இருக்கும். பனை ஏறுவதை நிறுத்திப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நெஞ்சில் மரம் உரசிய தழும்பு இன்னும் கறுப்பாக, காய்த்துக் கிடக்கிறது. "வாங்க வாத்தியாரையா" என்றார், அதே குரல். மருமகள் முக்காலி எடுத்துப் போட்டாள். அப்போது எடுத்ததுதான் அந்தப் படம்.

தக்கையைத் திறக்கும் கருவி கிடையாது. இவன் ஆணியை வைத்து மல்லுக்கட்டி, பாதித் தக்கையை உள்ளேயே தள்ளிவிட்டான். சில்வர் தம்ளரில் ஊற்றினான். பெரியவர் முதலில் மோந்து பார்த்தார், பிறகு விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார், பிறகுதான் வாயில் வைத்தார். நாங்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

"புளிப்பு இருக்கு" என்றார். "துவர்ப்பும் இருக்கு. முந்தாநாள் இறக்கினது மாதிரி. எத்தனை நாள் ஆச்சு?"

"ரெண்டு வருசம் ஆகியிருக்கும்பா."

"ரெண்டு வருசமா?" நம்பாமல் பாட்டிலைப் பார்த்தார். கள் ஒருநாள் தாண்டினால் காடி. "யாரு ஏறி எறக்குதா?"

"ஏற வேண்டாம்பா. பந்தல் தலைக்கு மேல இருக்கும். நின்னுக்கிட்டே வெட்டலாம்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏறாமலே கெடைக்குதா? அப்ப எதுக்கு இவ்வளவு வெல?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு தைரியம் வந்து கேட்டேன். "அந்த வருசம் உங்களைப் பிடிச்சிட்டுப் போனாங்களே, யாரு சொன்னதுன்னு எப்பவாவது தெரிஞ்சுதா?"

"அது எதுக்கு இப்ப" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று பயந்தேன். கையில் ஒரு பழைய கலயத்தோடு வந்தார். அன்று உடையாமல் தப்பிய ஒன்றாம். உள்ளே கையைவிட்டுச் சுரண்டிக் காட்டினார். வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. "பாருங்க, சுண்ணாம்பு இன்னும் போகல. அன்னைக்கு உங்களுக்கு ஊத்துனது இதுலதான்" என்றார்.

பிறகு தம்ளரை என் பக்கம் நீட்டினார். "ஒரு மடக்கு?"

எல்லோரும் கேட்ட கேள்விக்குப் பதில் இதோ. ஆமாம், குடித்தேன். ஒரே ஒரு மடக்கு. சர்க்கரை போடாத இருமல் மருந்துபோல் இருந்தது. இதற்காகவா ஒரு தேசம் சட்டம் போட்டது என்று தோன்றியது. பையனிடம் சொல்லவில்லை, பாவம், ஆசையாகக் கொண்டுவந்தான்.

மீதி முக்கால் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இவன் வியாழக்கிழமை ஊருக்குத் திரும்பிவிட்டான். நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒயின் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டில் அடுப்படி அலமாரியில் லேபிளோடு இருக்கிறது. மருமகள் அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள்.